பக்கத்து சீட்டா, பின் சீட்டா

பதினேழாம் நம்பர் பஸ்ஸை முப்பத்தோரு வருஷம் ஓட்டியதில் அவருக்குப் பெயரே பதினேழு என்றாகிவிட்டது. டிப்போவில் சம்பளச் சீட்டைத் தவிர வேறெங்கும் அவருடைய சொந்தப் பெயர் புழங்கவில்லை. ஓய்வு பெற்று மூன்று வருஷம் ஆன பிறகும், தெருவில் யாராவது 'பதினேழு!' என்று கத்தினால்தான் திரும்பிப் பார்ப்பார். நாமும் அப்படியே அழைப்போம், கோபித்துக்கொள்ள மாட்டார்.

பதினேழு ஒரு விமானம் கட்டிக்கொண்டிருந்தார். நீங்கள் சிரிக்க வேண்டாம், உங்கள் பங்கையும் சேர்த்து டிப்போவில் சிரித்துவிட்டார்கள். பொம்மை இல்லை, இரண்டு பேர் ஏறிப் பறக்கிற நிஜ விமானம். கம்பெனிக்காரன் தகடு, குழாய், ரிவெட், வரைபடம் எல்லாவற்றையும் பெட்டி பெட்டியாக அனுப்புவான். நாம் துளை போட்டு, ரிவெட் அடித்துக் கோர்த்துக்கொள்ள வேண்டும். பொறுமை இருந்தால் போதும் என்று விளம்பரத்தில் போட்டிருந்தது. மாலை ஆறு மணிக்குக் கடைத்தெரு வழியாக பஸ் ஓட்டியவருக்குப் பொறுமையைப் பற்றி யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை.

டயர் கடைக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகையை வாடகைக்கு எடுத்திருந்தார். முதல் வருஷம் வால் முடிந்தது. அடுத்த இரண்டு வருஷத்தில் இறக்கைகள். அவை இப்போது பழைய படுக்கை விரிப்புகளைப் போர்த்திக்கொண்டு சுவரோரம் சாய்ந்து நின்றன. இனி வர வேண்டியது நடு உடல். அதற்குத்தான் கம்பெனியிலிருந்து ஒரு படிவம் வந்திருந்தது.

இறக்கையும் வாலும் எல்லோருக்கும் ஒன்றுதான், உடல் மட்டும் இரண்டு விதம். 'அ' என்றால் இரண்டு சீட்டும் பக்கத்தில் பக்கத்தில், அகலமான உடல். 'ஆ' என்றால் ஒன்றன் பின் ஒன்று, ஒடுக்கமான உடல், ஓட்டுகிறவர் முன்னால். ஏதாவது ஒன்றுக்கு டிக் அடித்துத் திங்கட்கிழமைக்குள் தபாலில் போட வேண்டும். தகட்டை வெட்டிய பிறகு குய்யோ முறையோ என்று கத்தினாலும் மாற்ற முடியாது என்பதைக் கம்பெனிக்காரன் கொஞ்சம் மரியாதையான வார்த்தைகளில் தடித்த எழுத்தில் சொல்லியிருந்தான். அதற்குக் கீழே இன்னொரு கேள்வி: இரண்டாவது சீட்டில் வழக்கமாக உட்காரப்போகிறவரின் எடை என்ன? எடை எங்கே விழுகிறது என்று தெரிந்தால்தான் விமானத்தின் சமநிலையைக் கணக்கிட முடியுமாம்.

அந்தக் கேள்விக்கு எதிரே பதினேழு ஒரு சின்னக் கோடு போட்டு வைத்திருந்தார். வழக்கமாக உட்கார அவருக்கு யாரும் இல்லை.

உட்கார வேண்டியவள் என்று ஒருத்தி இருந்தாள். அவருடைய மகள். அவளுக்கு ஏழு வயதில் அம்மா தவறிப்போனாள். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் வீட்டில் பார்த்துக்கொள்ள ஆள் கிடையாது. அதனால் மூன்றரை மணிக்குப் பள்ளி வாசலில் பதினேழாம் நம்பர் வந்து நிற்கும்போது புத்தகப் பையோடு ஏறிக்கொள்வாள். ஓட்டுநருக்கு நேர் பின்னால் இருந்த ஒற்றை சீட் அவளுடையது. ஏழரை மணிக்கு வண்டி டிப்போவுக்குத் திரும்பும் வரை வீட்டுப்பாடம், பிஸ்கட், குட்டித் தூக்கம் எல்லாம் அங்கேதான். இப்படி எட்டு வருஷம் ஓடியது.

ஓட்டுநரின் தலைக்கு மேலே, பயணிகளைப் பார்ப்பதற்கென்று ஒரு கண்ணாடி உண்டு. பதினேழு அதைக் கொஞ்சம் திருகி, ஒரு மூலையில் மகள் முகம் விழும்படி வைத்திருந்தார். 'வண்டி ஓடும்போது ஓட்டுநரிடம் பேசாதீர்கள்' என்று பலகையும் தொங்கியது. ஊருக்கெல்லாம் ஒரு சட்டம், பெற்ற பெண்ணுக்கு ஒரு சட்டம் என்று வைக்க முடியுமா? ஆகவே அவர் கேட்பார், அவள் தலையாட்டுவாள். சாப்பிட்டாயா என்றால் மேலும் கீழும். பரீட்சை கஷ்டமா என்றால் பக்கவாட்டில். அவர் வாழ்க்கையில் ஒருவரோடு மனம்விட்டுப் பேசினார் என்றால் அந்த எட்டு வருஷம்தான்.

பதினேழாம் நம்பரின் கடைசி நிறுத்தம் ஒரு சின்ன விமானத் திடலின் கம்பிவேலி ஓரம். அங்கே பத்து நிமிஷம் வண்டி நிற்கும். குட்டி விமானங்கள் ஏறுவதையும் இறங்குவதையும் இரண்டு பேரும் அவரவர் சீட்டில் இருந்தபடியே முன் கண்ணாடி வழியாகப் பார்ப்பார்கள்.

"ஒரு நாள் நாம ரெண்டு பேரும் அதுல போவோம்" என்று ஒரு தடவை சொன்னார். அவள் ஆட்டிய ஆட்டலில் தலையிலிருந்த ரிப்பன் அவிழ்ந்து விழுந்தது. அந்த ஒரு தலையாட்டலை நம்பித்தான் ஓய்வு பெற்ற மனிதர் மூன்று வருஷமாக ரிவெட் அடித்துக்கொண்டிருந்தார்.

மகளுக்கு இப்போது முப்பத்தைந்து வயது. ரயிலில் நான்கு மணி நேரம் போனால் வரும் ஊரில், ஒரு ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனை செய்கிற வேலை. ஞாயிற்றுக்கிழமை காலையில் பதினேழு போன் செய்வார். நல்லா இருக்கியா என்று கேட்பார். சில நாள் 'ம்' வரும், பல நாள் அதுவும் வராது. மூன்று நிமிஷத்தில் பேச்சு முடிந்துவிடும். அதற்குப் பிறகு அவர் தட்டில் சோற்றைப் போட்டுக்கொண்டு சாப்பாட்டு மேஜையில் உட்காருவார். இன்னொரு நாற்காலி முழுக்க விமானத்தின் செயல்முறைப் புத்தகங்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை கொஞ்சம் தைரியமாகவே கேட்டுவிட்டார்.

"சீட் எப்படி வேணும்னு கேட்டு ஃபாரம் வந்திருக்கும்மா. கொட்டகையில அட்டையில செஞ்சு வைக்கப்போறேன். வர்ற சனிக்கிழமை வந்து உட்கார்ந்து பார்க்கிறியா?"

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. பதினேழு மனசுக்குள் ஐந்து வரை எண்ணினார்.

"சரி சரி, உனக்கு வேலை இருக்கும். நான் வெச்சிடறேன்."

மௌனம் சம்மதம் என்று ஊரெல்லாம் சொல்லும். பதினேழுக்கு மட்டும் மௌனம் என்றால் மறுப்பு. அன்று அவர் சாப்பிடவில்லை.

இருந்தாலும் ஆரம்பித்த வேலையை விடுகிற சுபாவம் இல்லை. கழித்துப் போட்ட பஸ்ஸிலிருந்து இரண்டு பழைய சீட்டுகளை டிப்போவில் கேட்டு வாங்கி வந்தார். தரையில் சாக்கட்டியால் விமான உடலை முழு அளவில் வரைந்தார், அகலமானது ஒன்று, ஒடுக்கமானது ஒன்று. ஃபிரிட்ஜ் வந்த அட்டைப் பெட்டிகளைக் கிழித்துச் சுவர் எழுப்பினார். வெறும் அட்டைதான், ஆனால் அளவு ஒரு மில்லிமீட்டர் பிசகாது. பிறகு டயர் கடைக்காரரைக் கூப்பிட்டார். டயர் கடைக்காரர் இரட்டை நாடி உடம்பு, வாய் ஓயாத மனுஷர்.

முதலில் பக்கத்தில் பக்கத்தில். தோளும் தோளும் இடித்தன. உட்கார்ந்த மாத்திரத்தில் பதினேழின் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. திரும்பினால் ஒரு சாண் தூரத்தில் முழு முகம், மூக்குத் துளை உட்பட. எங்கே பார்ப்பது, கையை எங்கே வைப்பது? முப்பத்தோரு வருஷத்தில் அவருக்குப் பக்கத்தில் யாரும் உட்கார்ந்ததில்லை. விமானம் ஓட்டக் கற்றுக்கொண்ட கிளப்பில்கூட வாத்தியார் பின் சீட்டில் உட்கார்ந்துதான் கத்துவார். இரண்டு பேரும் பல் டாக்டரிடம் காத்திருப்பவர்கள் மாதிரி ஐந்து நிமிஷம் உட்கார்ந்திருந்தார்கள்.

"அண்ணே, ஏதாவது பேசுங்க, எனக்குப் பயமா இருக்கு" என்றார் டயர் கடைக்காரர்.

பிறகு முன்னும் பின்னும் போட்டுப் பார்த்தார்கள். பழைய பஸ் கண்ணாடி ஒன்றை அட்டையில் குத்தி முன்னால் மாட்டினார் பதினேழு. அவ்வளவுதான், மடை திறந்துகொண்டது. இறக்கை வேலையில் பட்ட பாடு, வாத்தியாரின் கோபம், டிப்போ கதைகள் என்று முக்கால் மணி நேரம் கண்ணாடியைப் பார்த்துப் பேசித் தள்ளினார்.

"உங்க கழுத்துக்குப் பின்னாடி ஒரு மச்சம் இருக்கு, தெரியுமா?" என்றார் பின்னாலிருந்து டயர் கடைக்காரர்.

"அப்படியா?" தன் முதுகு தனக்குத் தெரியுமா என்ன.

அன்றைக்கே 'ஆ'வுக்கு டிக் அடித்தார். பேச வருகிறது என்பது ஒரு காரணம். இன்னொன்றை டயர் கடைக்காரரிடம் சொல்லவில்லை. காலி சீட் பின்னால் இருந்தால் கண்ணில் படாது. கண்ணாடியைக் கழற்றிவிட்டால் அப்படி ஒரு சீட் இருப்பதே மறந்துபோகும். பக்கத்தில் இருந்தால், மூவாயிரம் அடி உயரத்திலும் அவள் வராததைப் பார்த்துக்கொண்டே பறக்க வேண்டும். அதற்கு அவருக்குத் தெம்பு இல்லை.

சனிக்கிழமை பதினோரு மணிக்குப் படிவத்தை உறையில் போட்டு, நாக்கால் ஈரப்படுத்தி ஒட்டி, செருப்பை மாட்டிக்கொண்டு கொட்டகைக் கதவைத் திறந்தால், வாசலில் மகள் நிற்கிறாள். தோளில் பை, நெற்றியெல்லாம் வியர்வை.

"வீடு பூட்டியிருந்துச்சு. டயர் கடையில கேட்டு வர்றேன்."

"என்னம்மா திடீர்னு? உடம்பு சரியில்லையா?"

"நீங்கதானேப்பா சனிக்கிழமை வரச் சொன்னீங்க?"

"நீ ஒண்ணும் சொல்லலியே!"

"சொன்னேனே. தலையாட்டினேனே."

பதினேழு அவளையே பார்த்தார். அவளும் தான் சொன்னது என்னவென்று அப்போதுதான் காதில் வாங்கினாள்.

"போன்லயா?" என்றார்.

"போன்லதான்" என்றாள். சிரிக்கப் பார்த்தாள், சிரிப்பு சரியாக வரவில்லை. "உங்ககிட்ட மட்டும்தான்பா இப்படி. மத்தவங்ககிட்ட எல்லாம் நல்லாத்தான் பேசறேன். நீங்க கேட்டா தலை தானா ஆடுது. நீங்க டக்கு டக்குனு வெச்சிட்டுப் போறப்போ, இவருக்கு நம்மகூடப் பேசவே பிடிக்கலை போலன்னு நினைச்சுக்குவேன்."

எத்தனை ஞாயிற்றுக்கிழமை! எண்ணிப் பார்க்கப் பதினேழுக்குத் துணிச்சல் வரவில்லை. உறையை மேஜையில் வைத்துவிட்டு, "வா, உள்ளே வா" என்றார்.

ஒன்றன் பின் ஒன்றாக இருந்த அட்டை விமானத்தைப் பெருமையோடு காட்டினார். அவளைப் பின் சீட்டில் உட்காரவைத்து, தான் முன்னால் ஏறி, கண்ணாடியைத் திருகி அந்த மூலையில் அவள் முகம் விழும்படி செய்தார். அப்படியே அந்தக் காலம். கண்ணோரத்தில் கோடு விழுந்திருந்தது, அவ்வளவுதான் வித்தியாசம். முன்னால் கொக்கியில் தொங்கிய கூலிங்கிளாஸை எடுத்து மாட்டிக்கொண்டார். சாயங்கால வெயில் முகத்தில் அடிக்கிற ரூட் என்பதால் முன்பும் டிப்போவில் கொடுத்ததை மாட்டித்தான் ஓட்டுவார்.

"ஞாபகம் இருக்கா?"

அவள் தலையாட்டவில்லை.

"இருக்கு. அந்த மச்சமும் அப்படியே இருக்கு."

"அட, உனக்கும் தெரியுமா?"

"எட்டு வருஷம் அதைத்தானேப்பா பார்த்தேன். அதுக்குக் கண்டக்டர்னு பேர்கூட வெச்சிருந்தேன். நம்ம பஸ்ல கண்டக்டர் கிடையாதில்ல, அதான். ஸ்கூல்ல யாராவது அடிச்சா அதுகிட்டதான் சொல்லுவேன், மனசுக்குள்ள."

பதினேழு சிரித்தார். "ஏன், நான் கண்ணாடியில இருந்தேனே? உன்னையே பார்த்துக்கிட்டு இருந்தேனே?"

"நீங்க என்னைப் பார்த்தீங்க." அவள் குரல் தணிந்தது. "எழுந்திருங்கப்பா. நீங்க பின்னாடி வாங்க, நான் அங்க உட்கார்றேன்."

இடம் மாறினார்கள். அவள் அவருடைய கூலிங்கிளாஸை வாங்கி மாட்டிக்கொண்டு நேராகப் பார்த்தாள். பதினேழு அந்தப் பழைய சீட்டில் உடம்பைச் சுருக்கி உட்கார்ந்தார். முதலில் தெரிந்தது ஒரு பின்னங்கழுத்து. மகளின் பின்னங்கழுத்தை அவர் இதற்குமுன் இப்படிப் பார்த்ததில்லை. அங்கே நாலைந்து நரைமுடிகள் இருந்தன. பிறகு நிமிர்ந்து கண்ணாடியைப் பார்த்தார். ஒரு துண்டு நெற்றி, கீழே இரண்டு கறுப்பு வட்டம். கண் இல்லை. மூக்குக்குக் கீழே எதுவும் இல்லை.

"இப்போ நான் சிரிக்கிறேனா, கோபமா இருக்கேனா? சொல்லுங்க பார்ப்போம்."

பதினேழு உற்றுப் பார்த்தார். எட்டிப் பார்த்தார். கறுப்பு வட்டங்களில் கொட்டகைக் கதவு சின்னதாகத் தெரிந்தது.

"சிரிக்கிற" என்றார், ஒரு நம்பிக்கையில்.

அவள் கூலிங்கிளாஸைக் கழற்றினாள். கண் நிறையத் தண்ணீர்.

பதினேழுக்கு வாழ்க்கையில் அப்படி ஒரு வெட்கம் வந்ததில்லை. தான் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு, எதிரே இருந்த தட்டில் ஒன்றுமே இல்லை என்பதை இருபது வருஷம் கழித்துக் கண்டுபிடித்த மாதிரி இருந்தது. அவளுக்கும் அதுதான் நல்ல காலம் என்று நினைத்துக்கொண்டிருந்தாரே! மன்னிப்புக் கேட்கக்கூட அந்தப் பின்னங்கழுத்திடம்தான் கேட்க வேண்டியிருந்தது.

"எனக்குத் தெரியாதும்மா" என்றார். "சத்தியமா எனக்குத் தெரியாது."

"தெரியும்பா, உங்களுக்குத் தெரியாதுன்னு. நீங்க வெயிலுக்குத்தானே போட்டீங்க."

சீட்டுகளைத் தூக்கி அகலமான சாக்கட்டிக் கோட்டுக்குள் போட்டார்கள். பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். இனி எல்லாம் கொட்டும் என்று பார்த்தால், ஒன்றும் கொட்டவில்லை. அவருக்கும் பேச வரவில்லை, அவளுக்கும் வரவில்லை. அவர் அட்டைச் சுவரைப் பார்த்தார், அவள் தன் நகத்தைப் பார்த்தாள். தோள் மட்டும் இடித்துக்கொண்டிருந்தது, அதை இருவரும் நகர்த்தவில்லை. டயர் கடையில் காற்றடிக்கும் மிஷின் ஓடி ஓடி நின்றது.

"வருஷத்துக்கு ரெண்டு தடவைதான்பா என்னால வர முடியும்" என்றாள் கடைசியில். "லீவு கிடைக்காது. மத்த நாளெல்லாம் இந்த சீட் காலியாத்தான் இருக்கும். அதையும் யோசிச்சுக்கோங்க."

அவர் தலையாட்டினார். பக்கத்தில் இருந்ததால் அது அவளுக்குத் தெரிந்தது.

ஐந்து மணி ரயிலுக்கு அவளை ஏற்றிவிட்டுத் திரும்பினார். கொட்டகையில் இரண்டு சீட்டும் அப்படியே கிடந்தன. தன் சீட்டில் போய் உட்கார்ந்தார். பக்கத்து சீட்டின் ரெக்சினில் அவள் உட்கார்ந்த பள்ளம் மெல்ல மெல்ல எழும்பிச் சமமாகிக்கொண்டிருந்தது. தனியாகத்தான் இருந்தது, மிகவும் தனியாக இருந்தது. ஆனால் அந்தக் காலி சீட்டைப் பின்னால் தள்ளிக் கண்ணிலிருந்து மறைத்துக்கொள்ள அவருக்கு மனம் வரவில்லை. உறையைக் கிழித்தார். 'ஆ'வின் டிக்கைக் கிறுக்கி அடித்துவிட்டு 'அ'வுக்கு டிக் போட்டு, பக்கத்தில் கையெழுத்தும் போட்டார். கீழே எடைக்கு எதிரே போட்ட அந்தக் கோடு மட்டும் பாக்கி இருந்தது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. வழக்கமான நேரத்துக்குப் போன் செய்தார்.

"ஃபாரத்துல ஒண்ணு கேட்டிருக்கான். உன் எடை எவ்வளவும்மா?"

சத்தம் இல்லை. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து. ஐந்தோடு நிறுத்துகிற பழக்கத்தை விட்டு, மேலே எண்ணினார். அவள் வீட்டில் குழாயில் தண்ணீர் விழுவது கேட்டது. யாரோ மாடிப்படி இறங்கிப் போனார்கள். இத்தனை வருஷமாக இதெல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கும், அவர்தான் போனை வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

"அம்மா, இது தலையாட்டிச் சொல்ற கேள்வி இல்ல" என்றார்.

அந்தப் பக்கம் சிரிப்பு வெடித்தது. கண்ணாடி இல்லை, ஒன்றும் இல்லை, ஆனாலும் அது சிரிப்புதான் என்று பதினேழுக்குச் சந்தேகமில்லாமல் தெரிந்தது.

"அறுபத்தி மூணு. டயர் கடைக்காரர்கிட்ட எல்லாம் சொல்லிடாதீங்க."

கோட்டை அடித்துவிட்டு அறுபத்து மூன்று என்று எண்ணிலும் எழுத்திலும் எழுதினார்.

"அப்போ பக்கத்து சீட்தானேப்பா?" என்று கேட்டாள்.

பதினேழு போனைக் காதில் வைத்தபடி, வேகமாகத் தலையாட்டினார். திரும்பத் திரும்ப ஆட்டினார். அவளுக்கு ஒன்றும் கேட்டிருக்காது. ஆனாலும் அவள் போனை வைக்கவில்லை.